அத்தையின் கைக்குப் பயப்படாதவை

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாங்கூனில் எங்கள் பபேடான் பேட்டையில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். மீதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எங்கள் தெருவில் பர்மாக்காரர்கள் அவளை "டோ டோ" என்று கூப்பிட்டார்கள், நாங்கள் "அத்தை" என்று கூப்பிட்டோம். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். இரண்டு தரப்புக்குமே அவள் உறவில்லை. "வந்தார், போனார்" என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஆனால் நேரில் கடைசி நாள் வரைக்கும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சின்னக் கை. வளையல் போடமாட்டாள், சத்தம் கேட்டால் மிரளும் என்பாள். சோப்புப் போடமாட்டாள், வாசனை வந்தால் ஒதுங்கும் என்பாள். முகத்துக்குப் பூசுகிற தனக்கா மரப்பட்டைச் சாந்தில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையிலும் தேய்த்துக்கொள்வாள். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். பிள்ளை குட்டி கிடையாது. எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். அவள் பால்கனிக் கம்பியில் குருவிகளுக்காக நெற்கதிர்க் கொத்து எப்போதும் தொங்கும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு உடும்பு வந்துவிட்டது. சாக்கடை நிரம்பி, எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆள் கை நீளம் இருக்கும். ஆண்பிள்ளைகள் எல்லாம் கழியைத் தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு, கிட்டே மட்டும் போகாமல் நின்றார்கள். அத்தை லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த அழுக்குத் தண்ணீரில் இறங்கினாள்.

"கழியக் கீழ போடுங்கப்பா. நீங்க பயந்தா அதுவும் பயப்படும்."

உடும்பு சீறிற்று. அத்தை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பர்மியா தமிழா என்று தெரியாத ஒரு பேச்சில் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு ஆள்காட்டி விரலை மடக்கி அதன் தாடைக்கு அடியில் மெல்லத் தடவினாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அது கண்ணை மூடிக்கொண்டது. அப்படியே தூக்கித் தன் பிளாஸ்டிக் நார்க் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு ஈரத்துணியைப் போட்டாள். சந்தில் நின்றவர்களும் மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் கை தட்டினார்கள்.

"என்ன பண்ணப் போறீங்க அத்தே?" என்று என் தம்பி மேலேயிருந்து கத்தினான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் த்வாண்டேக்குக் கொண்டுபோய் மடத்துத் தோப்புல விட்டுட்டு வரேன். பயந்த உயிரைப் பாக்க எனக்கு ஆகாதுடா."

இது அவள் வாயில் அடிக்கடி வரும் சொல். பயந்த உயிரைப் பார்க்க எனக்கு ஆகாது. பூனைக்குச் சொல்வாள், ஊசி போடப் போகிற குழந்தைக்குச் சொல்வாள், மின்சாரம் போனால் அலறுகிற எங்கள் கீழ் வீட்டுக் கிழவருக்கும் சொல்வாள். அவள் எத்தனையோ பொய் சொன்னாள். இது பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்தநாள் வந்தால், உடம்பு சரியில்லாமல் போனால், பரீட்சை எழுதினால், யாராவது வெளிநாடு கிளம்பினால் ஒரு உயிரை விடுவிப்பார்கள். பர்மாக்காரர்களின் வழக்கம்தான், நாங்களும் அதில் மஞ்சள் குங்குமத்தைச் சேர்த்துக்கொண்டோம். குருவி, ஆந்தை, கெளுத்தி மீன், ஆமை. கோவில் வாசலில் கூண்டு கூண்டாகக் குருவி விற்பார்கள். காசு கொடுத்து வாங்கி, பிரார்த்தனை பண்ணி, கையை விரித்தால் புண்ணியம். விட்ட குருவி சாயங்காலமே அதே கூண்டுக்குத் திரும்பிவிடும் என்பது யாங்கூனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் விடுவோம்.

அத்தைக்கு அந்தக் குருவிக்காரர்களைக் கண்டால் ஆகாது. வாசலிலேயே நின்று சண்டை போடுவாள். "புண்ணியத்தையே திரும்பத் திரும்ப விக்கிறீங்களே, உங்களுக்கு அடுத்த பிறவி என்னவா வரும்னு நெனச்சுப் பாத்தீங்களா?" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒருவன் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். அதனால்தான் நம்பினோம். நிஜமாக ஒரு உயிர் விடுதலை ஆக வேண்டுமென்றால் அத்தை கையில் கொடு, அவள் படகேறி டலாவுக்குப் போய், அங்கிருந்து த்வாண்டேக்குப் போய், யாரும் திரும்பப் பிடிக்க முடியாத இடத்தில் விட்டுவிட்டு வருவாள் என்று தெருவே பேசிக்கொண்டது. இந்துக்களும் கொடுத்தார்கள், பௌத்தர்களும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் தேவாங்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அது அத்தையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேனென்றது. அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கீழே எத்தனை பேர் புண்ணியத்துக்கு வாழ்த்தாக "சாது, சாது, சாது" என்று எழுதினார்கள்.

எனக்கும் அந்தக் கை தெரியும். அப்பா செத்த அன்றைக்கு நான் அழுது அழுது மூச்சு முட்டிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் ஏதாவது ஆறுதல் சொன்னார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, விரலை மடக்கி என் மோவாய்க்கு அடியில் தடவினாள். என் தலை தானாக நிமிர்ந்தது. மூச்சு வந்தது. அந்த நாளிலிருந்து எனக்கு அவள் சொந்த அத்தைக்கும் மேலே.

இனி ஊலேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊலே என்றால் பர்மியில் சித்தப்பா மாதிரி. வயதில் மூத்த எந்த ஆணையும் அப்படிக் கூப்பிடலாம். எங்கள் வீட்டு ஆமைக்குத் தம்பி வைத்த பேர் அது. சின்ன வயதில் அப்பாவோடு த்வாண்டேக்குப் பானை வாங்கப் போனபோது, சாலையோரத்தில் கறிக்கு விற்க வைத்திருந்த ஆமை ஒன்றைப் பார்த்து அவன் தரையில் உருண்டு அழுதிருக்கிறான். அப்பா பானையை விட்டுவிட்டு ஆமையை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அதற்குக் கசுன் என்கிற வள்ளைக்கீரையை நறுக்கிப் போட்டவளும் அம்மாதான்.

மஞ்சள் ஓடு, சுருங்கிய கழுத்து, யாரையும் மதிக்காத நடை. அது தரை ஆமை. ஒருநாள் நான் அதைக் குளிக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. தம்பி ஓடி வந்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வடித்தான். "அவனுக்கு நீந்தத் தெரியாதுக்கா, ஆமைன்னா எல்லாம் ஒண்ணா?" என்று என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. இன்னொரு தடவை வாசல் இரும்புக் கதவில் மாட்டி ஓட்டின் ஓரம் பெயர்ந்துவிட்டது. தம்பி போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்து, வெறும் பசை அசிங்கமாக இருக்கிறதென்று என் நீல நகப்பூச்சை அதில் ஊற்றிக் குழைத்து, பெயர்ந்த இடத்தை அடைத்தான். என் நகப்பூச்சு தீர்ந்துபோனது. ஊலேக்கு ஓரத்தில் ஒரு நீலப் பல் முளைத்தது.

ஊலே எங்கள் யாருக்கும் தலையை நீட்டமாட்டான். தம்பி ஒருவனுக்கு, அதுவும் மனசு இருந்தால். அத்தை வீட்டுக்கு வந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து அவனே வெளியே வருவான். அவள் விரலை மடக்கித் தாடைக்கு அடியில் வைத்தால் கழுத்து முழுவதையும் நீட்டி, கண்ணைச் சொக்கிக்கொண்டு நிற்பான்.

"எங்கிட்ட மட்டும் இந்தப் பயல் ராங்கி பண்றான் பாருங்க" என்பாள் அம்மா.

"அவனுக்கு ஆள் தெரியுது" என்று சிரிப்பாள் அத்தை.

பட்டாளத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று வயதுப் பையன்கள் எல்லாம் ஊரைவிட்டுக் கிளம்பிய காலம் வந்தது. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒருவனாகக் காணாமல் போனார்கள். தம்பியும் ஒருநாள் ஒரு பையை மாட்டிக்கொண்டு, தாய்லாந்துக்கு ஆள் கூட்டிப்போகிற ஒருவனை நம்பிக் கிளம்பினான். எல்லை தாண்டியதும் போன் பண்ணுகிறேன் என்றான். போன் வரவில்லை. அம்மா சாப்பிடுவதை விட்டாள். பால்கனியில் நின்று, கீழே போகிற ஒவ்வொரு முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தக் கொதிப்பு மாத்திரையைக்கூட நான்தான் வாயில் போட வேண்டும்.

அப்போதுதான் அத்தை வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு உயிரை விடு தங்கச்சி. வழியில நிக்கிற புள்ளைக்கு வழி தெறக்கும்."

"ஒரு ஆமை வாங்கி விடலாம் அத்தே. நானே லத்தாவுல பாத்து வாங்கிட்டு வரேன்" என்றேன் நான். என் வேலை பக்கத்துப் பேட்டையான லத்தாவில், ஒரு பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில்.

"வாங்கின உயிர் வேற, வளத்த உயிர் வேறம்மா. அவன் கையால சோறு போட்ட உயிர் இந்த வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கு. அதை விட்டாத்தானே அவன் போற எடத்துல அவனை விடுவாங்க?"

இப்படி ஒரு சாஸ்திரம் எந்த மதத்திலும் இல்லை. ஆனால் பிள்ளையைக் காணாத தாயிடம் சொன்னால் அது சாஸ்திரம்தான். அம்மா அன்றைக்கே ஊலேயைக் குளிப்பாட்டி, ஓட்டில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மேலே பர்மாக்காரர்கள் புத்தருக்கு ஒட்டுகிற தங்க ரேக்கு ஒன்றையும் ஒட்டினாள். எந்தச் சாமி கேட்டாலும் சரி என்றாள். அத்தை ஊலேயைக் கூடையில் வைத்துக்கொண்டு படகுத் துறைக்குப் போனாள். ஊலே கூடைக்கு வெளியே தலையை நீட்டி எங்களைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு போனான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை த்வாண்டே போய் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேதி சொல்வாள். அம்மா ஒவ்வொரு தடவையும் ஊலேக்கென்று ஒரு கட்டு கசுன் கீரை கொடுத்தனுப்புவாள். அந்தக் கீரையை யார் தின்றார்களோ.

"எப்படி இருக்கான்?" என்று அம்மா அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்.

"ராஜாவாட்டம் இருக்கான். 'ஊலே'ன்னு ஒரு கொரல்தான். கழுத்தை இம்புட்டு நீட்டிப் பாத்தான்."

அம்மா அன்றைக்கு மட்டும் ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவாள். அத்தைக்கு டீ போட்டு, இருக்கிற பலகாரத்தை எல்லாம் எடுத்து வைப்பாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருநாள் அத்தை பேச்சுவாக்கில், "குளத்துல அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நீந்துறதைப் பாக்கணுமே!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அம்மா உள்ளே போன பிறகு மெல்லக் கேட்டேன். "ஊலேக்கு நீந்தத் தெரியாதே அத்தே?"

அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கரையிலதாம்மா விட்டேன். அதுவா எறங்கிருச்சு. தேவைன்னு வந்தா எல்லாம் கத்துக்கும்."

ஊலே முங்கிச் செத்திருப்பான், அம்மாவுக்காகத்தான் அத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பொய்க்காக அவள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் பாசம் கூடியது என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது? அவள் கை என் மோவாய்க்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

லத்தாவில் எங்கள் கடை வரிசையிலேயே ஒரு நாட்டு மருந்துக் கடை உண்டு. அங்கே வேலை பார்க்கும் மா சூ என்ற பெண்ணும் நானும் மத்தியானத்தில் ஒரே டீக்கடையில் சாப்பிடுகிறவர்கள். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்க ஒருநாள் அங்கே போனேன். மின்சாரம் இல்லை. தெருவில் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. எண்ணெய் பின்கட்டில் இருக்கிறது, போன் வெளிச்சம் காட்டுங்கள் மமா என்றாள் மா சூ. மமா என்றால் அக்கா. காட்டிக்கொண்டே பின்னால் போனேன். யானைத் தோல் துண்டு, கரடிப் பல், மான் கொம்பு, எறும்புத்தின்னிச் செதில் எல்லாம் சாக்குச் சாக்காக இருந்தன. நம் காட்டில் எறும்புத்தின்னி தீர்ந்துபோய், இப்போது ஆப்பிரிக்காச் சந்தைகளிலிருந்துகூடச் செதில் வருகிறது என்று அவள் புடவை வரவைச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரமாக ஒரு சாக்கில் ஆமை ஓடுகள். என் வெளிச்சம் அதன்மேல் பட்டபோது ஒரு ஓட்டின் ஓரம் நீலமாகப் பளிச்சென்றது.

குனிந்து எடுத்தேன். என் நகப்பூச்சு. மஞ்சள் போயிருந்தது, குங்குமம் போயிருந்தது. இடுக்கில் தங்க ரேக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

"இது யார் கொண்டுவந்தது?" என்று பர்மியில் கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"டோ டோ. உங்க பபேடான் பக்கம்தான் இருக்காங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே! அவங்க கொண்டு வர்ற உருப்படின்னா எங்க மொதலாளி மறு பேச்சுப் பேசமாட்டாரு."

"ஏன்?"

"மத்தவங்க கொண்டு வர்றதெல்லாம் மிரண்டுபோய் வரும் மமா. ஆமை இருக்கே, அது பயந்தா தலைய உள்ள இழுத்துக்கும், வெட்டுறவன் உயிரை வாங்கிடும். டோ டோ கூடவே உக்காந்து இப்படி விரலை வெப்பாங்க." மா சூ தன் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள். "தானா நீட்டிடும். ஒரே வெட்டு."

அவளிடம் கள்ளம் இல்லை. அது அவள் வேலை, தெரிந்ததைச் சொன்னாள். நான் அந்த ஓட்டை விலைக்கு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளையை நானே காசு கொடுத்துப் பொட்டலமாக வாங்கினேன். முழங்கால் எண்ணெயை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராக எதிர்க் கட்டடத்துக்குத்தான் போனேன். மூன்று மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அத்தை பால்கனியில் நெற்கதிரை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். குருவிகள் அவள் தோளிலும் கம்பியிலும் உட்கார்ந்திருந்தன. குருவிகளுக்கு மட்டும் அவள் நிஜமாகவே நல்லவள். லத்தாவில் குருவிக்கு யார் என்ன கொடுக்கப்போகிறார்கள்?

நான் மேஜைமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன்.

அத்தை பார்த்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். அழுவாள், காலில் விழுவாள், ஏதாவது ஒரு கஷ்டத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூடப் பாதி நம்பியிருப்பேன்.

"நீலம் இருக்குன்னு இந்த ஓட்டைத் தூக்கிப் போடச் சொன்னேன். போடல போலருக்கு" என்றாள்.

"எப்ப?"

"கொண்டுபோன அன்னைக்கே."

"அப்ப உடும்பு? தேவாங்கு? அத்தனை பேரும் உங்கள நம்பிக் கொடுத்தது?"

"கேட்டுட்டு என்ன பண்ணப் போறே?"

"அன்னைக்கே அதைக் கொன்னுட்டு எங்க வீட்டுக்கு வந்து, நீந்துறான், நீட்டுறான்னு... எங்க அம்மா கையால டீ வாங்கிக் குடிச்சீங்களே! எப்படிங்க மனசு வந்துச்சு?"

"கத்தாத. குருவி மிரளுது." அவள் குரலில் கோபமே இல்லை. "பயந்த உயிரைப் பாக்க எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும்ல? சாகப்போற உயிர் எங்கயோ ஒரு எடத்துல சாகத்தான் போவுது. எங்கிட்ட வந்தது எதுவும் பயந்து சாகல. ஊலேயும் பயப்படல. கடைசி வரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அது உங்களப் பாத்துத்தானே கழுத்தை நீட்டிச்சு!"

"ஆமா" என்றாள்.

ஒரு நிமிஷம் அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். குருவிகளைப் பார்க்கும் அதே முகம்தான் இருந்தது.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

"மொதல்ல போய் உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள் அத்தை. "ஊலே செத்துட்டான்னு சொல்லு. அந்தப் புள்ளைகிட்டேருந்து இன்னும் போன் வரலைல? சொல்லிட்டு வா. அப்பறம் தெருவுக்குச் சொல்லலாம்."

தெருவில் ஒருவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது அம்மா காதுக்கு வந்துவிடும். அவள் இதையெல்லாம் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறாள், அல்லது யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. எனக்கு அழுகை முட்டியது. அவள் எழுந்து கிட்டே வந்தாள். விரலை மடக்கி என் மோவாய்க்கு அடியில் வைத்தாள்.

என் தலை நிமிர்ந்தது. அவள் மேல் அத்தனை கோபம் இருந்தும், நான் சொல்லாமலே, அப்பா செத்த அன்றைக்கு நிமிர்ந்த மாதிரியே நிமிர்ந்தது. கையைத் தட்டிவிட்டு ஓட்டை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் பால்கனியில் கதிர்க் கொத்தும் இல்லை, கதவில் பூட்டுத் தொங்கியது. மாண்டலே பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தெருவே வருத்தப்பட்டது. அவ்வளவு நல்ல மனுஷி என்றார்கள். நான் தலையாட்டினேன். குருவிகள் சில நாள் அந்த வெறும் கம்பியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின.

ஓட்டை வீட்டில் வைக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டலா படகேறி, த்வாண்டே போய், கால்வாய்க் கரையில் ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தேன். அப்பா அவனை வாங்கிய ஊர்.

தம்பி போன் பண்ணியது அதற்கப்புறம்தான். தாய்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருக்கிறேன், வழியில் பிடிபட்டு, கையில் போன் இல்லாமல் போய், எப்படியோ வந்து சேர்ந்துவிட்டேன் என்றான். இளைத்துப் போயிருந்தான். அம்மா போன் திரையில் அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். பிறகு சிரித்தாள்.

"எல்லாம் ஊலே புண்ணியம்டா. உனக்காக அவன வெளிய விட்டோம். த்வாண்டே மடத்துக் குளத்துல."

திரையில் அவன் முகம் மாறியது. "கொளத்துலயா? அம்மா, அவனுக்கு நீந்தத் தெரியாதேம்மா!"

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கை நெஞ்சுக்குப் போனது.

"கொளத்துல இல்லடா" என்றேன். "கொளத்தங்கரையில தோப்பு இருக்கு. அங்கதான் விட்டோம். அம்மாவுக்குச் சரியா சொல்லத் தெரியல."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் மூச்சு விட்டான். அம்மாவும் மூச்சு விட்டாள். இரண்டு பேரும் மூச்சு விட்ட அந்த இடத்தில் நான் சிக்கிக்கொண்டேன். அவன் அங்கே நன்றாக இருக்கிற வரைக்கும் ஊலே இங்கே நன்றாக இருக்கிறான் என்று அம்மா நம்புகிறாள். ஊலேக்கு ஒன்றென்றால் அன்றைக்கே அவனுக்கும் ஒன்று என்று நம்புகிறாள். அத்தை என் ஆமையைக் கொன்றதற்காகவும், என்னை ஏமாற்றியதற்காகவும் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அவள் பொய்யை என் தலையில் கட்டிவிட்டுப் போனதை மன்னிக்கவே மாட்டேன்.

அத்தை போய்விட்டாளே, ஊலேயை இனி யார் பார்ப்பார்கள் என்று அம்மா கவலைப்பட ஆரம்பித்தாள். அதனால் இப்போது நான்தான் போகிறேன். அம்மா ஒரு கட்டு கசுன் கீரை கொடுத்தனுப்புகிறாள். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, யாராவது ஓட்டி வருகிற ஆடு வந்து தின்னும் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த படகில் திரும்புகிறேன். மாடி ஏறும்போதே அம்மா வாசலில் நிற்கிறாள்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்மா. கீரைய மிச்சம் வெக்காம தின்னுட்டான்."

"அத்தை கூப்பிட்டா நீட்டுவானே, உனக்கு நீட்டுனானா?" அம்மா தன் விரலை மடக்கி, இல்லாத ஒரு தாடைக்கு அடியில் மெல்லத் தடவிக் காட்டுகிறாள். "இப்படி வெச்சுப் பாத்தியா?"

"வெச்சேன்மா" என்கிறேன். "முழுக் கழுத்தையும் நீட்டுனான்."